நூற்றுக்கு எத்தனை பேர்? பெருங்குடற்புண் மருந்துகளின் வரலாறு



பெருங்குடலின் உட்புறத் தோல் சிவந்து, வீங்கி, புண்பட்டு, இரத்தம் கசியும் நோயொன்று உண்டு. ஆங்கில வைத்தியர் அதனை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பர். நாம் இங்கே பெருங்குடற்புண் என்று சொல்லிக்கொள்வோம். இந்நோய் கடுமையானால் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து முறை வயிறு போகும், ஒவ்வொரு முறையும் இரத்தம் காணும், உடல் மெலியும், உறக்கம் கெடும். பெரும்பாலும் வாலிபப் பருவத்தினரையே பற்றும் இந்நோய் சில மாதம் அடங்கியிருக்கும். பின்னர் காரணம் புலப்படாமலே மீண்டும் எழும். இதற்கு இக்காலத்தில் உயிரியல் மருந்துகள் எனப்படும் ஊசிமருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றின் விலை பெரிது. புகழோ அதனினும் பெரிது.

அவை உண்மையில் எவ்வளவு பயன் தருகின்றன? இக்கேள்விக்கு வைத்தியர்கள் எண்களாலேயே விடை கூறுகின்றனர். நூற்றுக்கு இத்தனை பேர் குணப்பட்டனர் என்கின்றனர். ஆனால், எந்த நூறு பேர், எத்தனை நாள், யாரோடு ஒப்பிட்டு என்பவற்றை அறியாமல் அந்த எண்ணை மட்டும் கேட்பவர் ஏமாந்துபோவார். ஆகையால், எண்கள் எவ்வாறு தோன்றின என்ற வரலாற்றிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

இந்நோய் வைத்திய உலகின் கண்ணிற் பட்டது ஒரு கொலை வழக்கின் வாயிலாக. 1859ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், இலண்டனை அடுத்த ரிச்மண்டில் இசபெல்லா பாங்க்ஸ் என்ற மாது இறந்தார். பல நாளாக வாந்தியும் வயிற்றுப்போக்கும் அவரை வாட்டியிருந்தன. அவரோடு வாழ்ந்த தோமஸ் ஸ்மெதேஸ்ட் ஒரு வைத்தியர்; முதல் மனைவி உயிரோடிருக்கவே இம்மாதையும் மணந்தவர். இறப்பதற்குச் சிறிது முன்னர் அம்மாது தம் சொத்தை அவர் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. நச்சுப்பொருள் ஆராய்ச்சியிற் பெரும்பெயர் பெற்றிருந்த அல்பிரெட் ஸ்வெய்ன் டெய்லர், ஆர்சனிக் பாஷாணம் இருந்ததாகக் கூறினார். பின்னர், தாம் சோதனைக்குக் கையாண்ட செம்பிலேயே ஆர்சனிக் கலந்திருந்ததென்பதை அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவ்வாறிருந்தும் யூரிமார் குற்றவாளி என்றே தீர்த்தனர், மரணதண்டனை விதிக்கப்பட்டது. எங்கும் முறையீடுகள் கிளம்பவே, உள்நாட்டமைச்சர் சேர் பெஞ்சமின் புரோடி என்னும் சத்திரசிகிச்சை அறிஞரின் கருத்தைக் கேட்டு, அம்மனிதரைத் தூக்குமேடையிலிருந்து விடுவித்தார். இருதார மணத்துக்காக மட்டும் அவர் ஓராண்டு சிறையிருந்தார்.

இறந்த மாதின் குடலை ஆராய்ந்து எழுதியவர் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ். நஞ்சன்று, நோயே அக்குடலைப் புண்ணாக்கியதென்பது அவர் கருத்து. சிறுகுடலின் கடைப்பகுதியும் புண்பட்டிருந்ததால், அது 1932இல் குரோன் முதலியோர் விவரித்த வேறொரு குடல்நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தார் கூறுவர். அது எவ்வாறாயினும், 1875இல் வில்க்சும் மொக்சனும் வெளியிட்ட நூலில் இந்நோய் சாதாரண வயிற்றுளைவிலிருந்து வேறுபட்ட தனி நோயாக நிலைபெற்றுவிட்டது.

பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. 1909இல் இலண்டன் அரச வைத்தியச் சங்கத்தில் ஒரு கூட்டம் நடைபெற்றது. நகரின் பெரிய வைத்தியசாலைகள் தத்தம் ஏடுகளைப் புரட்டி, முந்நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரின் விவரங்களைக் கொண்டுவந்தன. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்திருந்தனர். வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தவர்கள் கடுமையான நோயுற்றவர்களே என்பதை மனத்திற் கொண்டாலும், இது அச்சந்தரும் கணக்கு. இந்நோய் குறித்துப் பலர் கூடி எண்ணிப் பார்த்த முதற் பெருங்கணக்குகளுள் இதுவும் ஒன்று. நான் பின்னாற் கூறப்போகும் எல்லா எண்களுக்கும் பின்னணியாக இப்பாதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகள் ஊகங்களின் காலம். ஐக்கிய அமெரிக்காவில் மேயோ வைத்திய நிலையத்துப் பார்கன் என்பவர், 1924இல், ஒருவகைக் கிருமியே காரணம் என்று கூறி அதற்குத் தடுப்புப்பாலும் செய்தார். பிறகு உளவியலார் வந்தனர். அடக்கிவைத்த கோபமும் தாயை விட்டுப் பிரியாத மனமுமே குடலைப் புண்ணாக்குகின்றன என்று அவர்கள் சொன்னார்கள். சிக்காகோவில் பிரான்ஸ் அலெக்சாந்தர் மனத்தால் விளையும் நோய்கள் என்று எண்ணிய ஏழினுள் இதனையும் ஒன்றாக வைத்தார். இரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒருவனைப் பார்த்து, உன் குணமே உன் நோய் என்று சொல்வதினும் கொடிய வைத்தியம் உண்டோ? அக்கொள்கைக்கு ஒப்பீட்டுச் சோதனை எதுவும் ஆதாரமாக இருக்கவில்லை. ஆயினும், பல்லாண்டு காலம் அது பாடநூல்களில் இடம்பெற்றிருந்தது.

முதல் நல்ல மருந்து சுவீடனில் பிறந்தது. நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற அம்மையார் 1937இல் அந்நாட்டு அரச பல்கலைக்கழக அமைப்பின் முதற் பெண் பேராசிரியராக நியமனம் பெற்றவர். மூட்டுவாதத்துக்கு மருந்து தேடிய அவர், சல்பா மருந்தொன்றையும் சலிசிலிக் அமிலத்தைச் சார்ந்த பொருளொன்றையும் இணைக்கும்படி மருந்துக் கொம்பனி ஒன்றைக் கேட்டார். அவ்வாறு உண்டான சல்பாசலசீன் குடற்புண்காரருக்கு நன்மை செய்வதைக் கண்டு, 1942இல் வெளியிட்டார். இணைந்த இரண்டில் எது வேலை செய்கிறதென்பது 35 ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. வங்காளதேசத்தவரான அசாத் கான் ஒக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்தபோது, 1977இல், சல்பா வெறும் சுமைகாவி, சலிசிலேட்டுப் பகுதியே மருந்து என்று காட்டினார். இன்றும் இலேசான நோயுடையோருக்கு அம்மருந்தும் அதன் வழிவந்தவையுமே போதும். இந்நோயாளருட் பலருக்கு, விலையுயர்ந்த ஊசி வாழ்நாளில் ஒருபோதும் வேண்டியதில்லை. இதனை ஊசிமருந்தின் புகழ் பாடுவோர் பல வேளைகளிற் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

இனி, நான் சற்று நின்று பேச விரும்பும் ஆண்டு 1955. அதற்கு முன், 1948இல், பிரித்தானியாவில் சயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்தபோது ஒரு புதிய முறை நிலைபெற்றது. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை வைத்தியர் தம் விருப்பப்படி தீர்மானியாமல் திருவுளச்சீட்டைப் போன்ற முறையால் தீர்மானிப்பதே அது. அம்முறையைக் குடல்நோய்க்குக் கொண்டுவந்தவர்கள் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த சிட்னி துரூலவ், லெஸ்லி விட்ஸ் என்னும் இருவர். கோர்ட்டிசோன் என்ற மருந்து அப்பொழுது புதியது. அற்புத மருந்தெனப் பேசப்பட்டது. இவர்கள் பல வைத்தியசாலைகளிலிருந்து 210 நோயாளரைச் சேர்த்தனர். 109 பேருக்குக் கோர்ட்டிசோன். 101 பேருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மருந்து. மற்றைப் பராமரிப்பெல்லாம் இரு சாராருக்கும் ஒன்றே.

ஆறு வாரம் கழிந்தபின் எண்ணினார்கள். கோர்ட்டிசோன் பெற்றோரில் நூற்றுக்கு 41.3 பேருக்கு நோய் தணிந்திருந்தது. வெற்று மருந்து பெற்றோரில் 15.8 பேருக்கு. மருந்தே பெறாதவருள்ளும் நூற்றுக்குப் பதினாறு பேர் தாமாகத் தணிந்தனர் என்பதைக் கவனியுங்கள். இந்நோயின் இயல்பே அது, ஏறும், இறங்கும். ஒப்பிடுவதற்கு அந்த 101 பேர் இல்லாதிருந்தால், அப்பதினாறையும் மருந்தின் வரவில் எழுதியிருப்பார்கள். பிள்ளைகளின் பரீட்சைத்தாள்களைத் திருத்தி வாழ்நாளைக் கழித்த எனக்கு, மற்றொரு வகுப்பின் புள்ளியைப் பாராமல் ஒரு வகுப்பின் புள்ளியைப் பற்றிப் பேசுதல் வீண் என்பது நன்றாக விளங்கும்.

அவர்கள் செய்த மற்றொரு நன்மை, நோயின் கடுமையை அளக்கக் கோல் கொடுத்தமை. நாளுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு வயிறு போதல், காய்ச்சல், விரைந்த நாடி, இரத்தக் குறைவு என்பவற்றைக் கொண்டு கடுமை, நடுத்தரம், இலேசு என வகுத்தார்கள். அந்த அளவுகோல் இன்றும் வைத்தியசாலைகளில் வழக்கிலுள்ளது. 1974இல் துரூலவும் ஜுவெலும் கடுமையான நோயுற்ற 49 பேருக்கு நாளத்தின் வழியே இம்மருந்தினத்தை ஐந்து நாள் செலுத்தினர். 36 பேருக்கு நோய் தணிந்தது. 1909இன் பாதிக் கணக்கு இவ்வாறு உடைந்தது.

ஆனால், கோர்ட்டிசோன் தீயை அணைக்கும். மீண்டும் பற்றாமற் காக்காது. தொடர்ந்து உட்கொண்டாலும் நோய் திரும்புவதை அது தடுக்கவில்லையென்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. நெடுநாள் உட்கொண்டோருக்கு முகம் ஊதும்; எலும்பு நலியும்; சர்க்கரை ஏறும். எஞ்சிய வழி கத்தியே. பெருங்குடல் முழுவதையும் அகற்றினால் பெருங்குடற்புண் ஒழிந்துபோகும். 1952இல் பேர்மிங்ஹாமில் பிரையன் புரூக், சிறுகுடலின் நுனியை வெளியே மடித்துத் தைக்கும் முறையைக் காட்டினார். அதன்பின், வயிற்றில் பையணிந்து வாழ்வது தாங்கக்கூடியதாயிற்று. 1978இல் இலண்டன் சென்ட் மார்க் வைத்தியசாலையில் பார்க்ஸ், நிக்கல்ஸ் இருவரும் சிறுகுடலையே உள்ளே பையாக்கி, வெளிப்பை இல்லாமலே வாழ வழி செய்தனர். இச்சத்திரசிகிச்சைகள் பலரின் உயிரைக் காத்தவை. ஆயினும், இருபது வயதில் ஒருவன் தன் பெருங்குடலை இழக்கச் சம்மதிப்பது எளிதன்று. கோர்ட்டிசோனுக்கும் கத்திக்கும் இடையிலிருந்த வெற்றிடத்திலேதான் உயிரியல் மருந்துகள் வந்து புகுந்தன.

அவை எப்படிப்பட்டவை? நம் உடல், நோயை எதிர்க்கப் பிறபொருளெதிரி என்ற புரதத்தை ஆக்குகிறது. ஒவ்வொரு பிறபொருளெதிரியும், பூட்டுக்கேற்ற திறவுகோல்போல, ஒரே ஒரு பொருளையே பற்றும். 1975இல் கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைனும் ஜோர்ஜ் கோலரும், விரும்பிய ஒரே வகைப் பிறபொருளெதிரியை ஆய்வுகூடத்தில் அளவின்றி ஆக்கும் வழியைக் கண்டார்கள். 1984இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அழற்சியை மூட்டும் ஒரு பொருளைத் தேர்ந்து, அதனை மட்டும் கட்டிப்போடும் பிறபொருளெதிரியைச் செய்தால் என்ன என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது.

அவ்வாறு முதலிற் குறிவைக்கப்பட்டது டீ.என்.எப். எனச் சுருக்கமாக வழங்கும் அழற்சிப் புரதம். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் அதனைத் தடுக்கும் பிறபொருளெதிரியை எலியிலிருந்து உண்டாக்கியவர்களுள் ஒருவர் யான் வில்செக். பிராட்டிஸ்லாவாவில் யூதக் குடும்பத்திற் பிறந்து, இட்லரின் கொடுமைக்குத் தப்பி, 1964இல் தம் நாட்டை விட்டு நீங்கி, பின்னர் அமெரிக்கா சென்றவர் அவர். எலிப்புரதத்தின் பெரும்பகுதியை நீக்கி, மனிதப் புரதத்தோடு ஒட்டவைத்துச் செய்யப்பட்டதே இன்பிளிக்சிமாப். அதன் உரிமைப் பணத்தால் செல்வரான வில்செக், 2005இல் தம் பல்கலைக்கழக வைத்தியக் கல்லூரிக்குப் பத்துக் கோடி டொலருக்கு மேல் வழங்க ஒப்பினார். அம்மருந்து எத்தகைய வருவாயைத் தந்திருக்கும் என்பதை நேயர்கள் இதிலிருந்து ஊகிக்கலாம். 1998இல் அது குரோன் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பெருங்குடற்புண்ணுக்கு அதன் பயனை உறுதிசெய்தவை 2005இல் வெளியான இரு பெருஞ்சோதனைகள். ஒவ்வொன்றிலும் 364 பேர். முதற் சோதனையில் எட்டாம் வாரத்தில் நோய் தணிந்தவர், வழக்கமான அளவு மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 38.8 பேர், வெற்று மருந்து பெற்றோரில் 14.9 பேர்.

இவ்வெண்களை எங்கோ கேட்டதுபோல் இல்லையா? 1955இல் 41.3, 15.8, 2005இல் 38.8, 14.9. ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியும் கோடிக்கணக்கான பொருட்செலவும் ஓர் அணுவேனும் முன்னேற்றம் தரவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். நானும் இவ்வெண்களை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது திகைத்தேன். விடை, அந்த நூறு பேர் யார் என்பதில் இருக்கிறது. 1955இல் சேர்ந்தவர்கள் கோர்ட்டிசோன் என்ற புதுமருந்தை முதன்முதலாகப் பெற்றவர்கள். 2005இன் முதற் சோதனையிற் சேர்ந்தவர்கள் கோர்ட்டிசோன் இனத்து மருந்துகளாலோ, நிர்ப்பீடனத்தை அடக்கும் வேறு மருந்துகளாலோ போதிய குணம் காணாதவர்கள். பழைய மருந்து கைவிட்டவரிடத்தே புதிய மருந்து ஏறக்குறைய அதே அளவு வேலை செய்ததென்றால், அது சிறு செய்தியன்று. தணிவு என்பதன் அளவுகோலும் மாறியிருந்தது. இப்பொழுது குடலினுள்ளே குழாய்க்கருவியைச் செலுத்தி, புண் ஆறியதா என்று கண்ணாலும் பார்த்தனர்.

இன்னுமொரு வேறுபாடு காலம். கோர்ட்டிசோன் சோதனையின் எண் ஆறு வாரத்துக்குரியது. இன்பிளிக்சிமாப் சோதனை ஐம்பத்துநான்கு வாரம் தொடர்ந்தது. எட்டு வாரத்துக்கு ஒருமுறை நாளத்தில் மருந்தேற்றப்பட்டவருள், ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 34.7 பேர் தணிந்த நிலையில் இருந்தனர். வெற்று மருந்தினர் 16.5 பேர். தீயை அணைப்பதோடு மீண்டும் பற்றாமலும் காத்தது என்று சொல்லலாம், ஆனால் மூவருள் ஒருவருக்கே. அந்த மூவருள் ஒருவரிலும் பாதிப்பேர், வெற்று மருந்தின் கணக்கைக் கழித்துப் பார்த்தால், மருந்தில்லாமலே அந்நிலைக்கு வந்திருக்கக் கூடியவர்கள். ஆறுபேருக்கு ஓராண்டு மருந்து கொடுத்தால் ஒருவர் அம்மருந்தாலேயே தணிந்திருப்பர் என்பதே நேர்மையான வாசிப்பு. தணிவு என்ற உயர்ந்த படியை எட்டாவிட்டாலும் போக்கும் இரத்தமும் குறைந்து தேறியவர் இதனினும் அதிகம். எட்டாம் வாரத்தில் அத்தகையோர் நூற்றுக்கு 69 பேர். வெற்று மருந்தினருள் 37 பேர்.

வைத்தியசாலைக் கட்டிலில் உயிருக்குப் போராடுபவருக்குக் கணக்கு வேறு. சுவீடனும் டென்மார்க்கும் சேர்ந்து அதே 2005இல் வெளியிட்ட சிறு சோதனையொன்றில், கடுமையான நோயால் கோர்ட்டிசோனுக்கும் இணங்காத 45 பேர் இருந்தனர். ஒரே ஒருமுறை இன்பிளிக்சிமாப் பெற்ற 24 பேரில் மூன்று மாதத்துள் குடலை இழந்தவர் 7 பேர். வெற்று மருந்து பெற்ற 21 பேரில் 14 பேர். என் எண்ணத்தில், இம்மருந்தின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறில்லை. குடல் இருக்கிறதா, இல்லையா என்பதில் யாரும் கருத்து வேறுபட முடியாது. அதே வேளை, சைக்ளோஸ்போரின் என்ற பழைய மருந்தோடு ஒப்பிட்டுப் பிரான்சு முதலிய நாடுகளில் 115 பேரைக் கொண்டு நடத்தி 2012இல் வெளியிட்ட சோதனையில், இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே நின்றன. புதியதென்பதாலேயே ஒன்று மேலானதாகிவிடாது.

அடுத்த மருந்தின் கதையில் ஒரு குரங்கு வருகிறது. கொலம்பியக் காடுகளில் வாழும், தலையில் வெண்பஞ்சு வைத்ததுபோன்ற மயிருள்ள சிறு குரங்கினம் ஒன்று. கூண்டில் வளர்த்தால் அதற்குத் தானாகவே பெருங்குடற்புண் உண்டாகும். கனடியரான ஆண்ட்ரூ லாசரோவிட்ஸ் 1984இல் விவரித்த பிறபொருளெதிரி ஒன்றை இக்குரங்குகளுக்குச் செலுத்தியபோது நோய் தணிந்தது. வெண்குழியங்கள் இரத்தத்திலிருந்து குடலுக்குள் புகும் வாயிலை அது அடைக்கிறது. டீ.என்.எப். மருந்து உடல் முழுவதையும் தொடும். இதுவோ பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும். லாசரோவிட்ஸ் 1999இல் காலமானார். அவர் கண்டதிலிருந்து வளர்ந்த வெடோலிசுமாப் பற்றிய பெருஞ்சோதனை வெளிவந்தது 2013இல்.

அதன் எண்கள் மிக அழகானவை. ஓராண்டு முடிவில் எட்டு வாரத்துக்கொருமுறை மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 41.8 பேர் தணிந்திருந்தனர். வெற்று மருந்தினர் 15.9 பேர். இன்பிளிக்சிமாப்பின் 34.7ஐ இது வென்றுவிட்டதென்று அவசரக்காரர் சொல்லுவர். பொறுங்கள். இச்சோதனையில், முதல் ஆறு வாரத்தில் மருந்துக்கு இணங்கியவர்களை மட்டுமே பிரித்தெடுத்து இரண்டாம் கட்டத்துக்கு அனுப்பினர். அவ்வாறு இணங்கியவர் நூற்றுக்கு 47 பேரளவே. முதற்படியிற் சித்தியெய்தியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்ட 42 அது. புறப்பட்ட நூறு பேரையும் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய இருபதாகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கட்டுரையிலே விளக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால், விளம்பரத்தில் விளக்கம் உதிர்ந்துபோய் எண் மட்டும் நிற்கிறது. பின்வந்த உஸ்டெகினுமாப் என்ற மருந்தின் 2019ஆம் ஆண்டுச் சோதனையும் இவ்வாறே அமைந்தது. எட்டாம் வாரத்தில் 15.6க்கு எதிராக 5.3. இணங்கியவர்களைப் பிரித்தெடுத்தபின், இரண்டாம் கட்டத்தின் 44ஆம் வாரத்தில் 43.8க்கு எதிராக 24.

உண்மையில் எது மேல் என்று அறிய இரண்டு மருந்துகளை நேருக்கு நேர் நிறுத்தவேண்டும். பெருங்குடற்புண்ணில் அவ்வாறு இரண்டு உயிரியல் மருந்துகளை மோதவிட்ட முதற் சோதனை 2019இல் வெளியாயிற்று. வெடோலிசுமாப் ஒருபுறம், டீ.என்.எப். மருந்துகளுள் ஒன்றான அடலிமுமாப் மறுபுறம். ஏறத்தாழ 770 பேர், ஓராண்டு. தணிந்தவர் முறையே நூற்றுக்கு 31.3, 22.5. வெடோலிசுமாப் வென்றது. ஆனால், கோர்ட்டிசோன் இனத்து மருந்தை முற்றாக விட்டுத் தணிந்தவர்களை எண்ணியபோது, 12.6க்கு எதிராக 21.8 என்று தராசு மறுபக்கம் சாய்ந்தது. பின்னைய வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். இருந்தும், ஒரே சோதனைக்குள்ளே இரு கேள்விக்கு இரு விடை கிடைத்தமை கவனிக்கத்தக்கது.

குறிதவறிய அம்புகளும் உண்டு. மூட்டுவாதத்துக்கு உதவும் அபடாசெப்ட் இந்நோயில் 2012இல் தோற்றது, ரிட்டுக்சிமாப்பும் பயன்படவில்லை. அழற்சி என்ற ஒரே பெயரின்கீழ் மூட்டிலும் குடலிலும் வேறு வேறு காரியங்கள் நடைபெறுகின்றன என்பது இத்தோல்விகளாலேயே தெரியவந்தது. வென்ற மருந்துகளும் நாளடைவிற் சிலருக்குப் பயனிழக்கின்றன. மருந்தையே பிறபொருளாகக் கருதி, உடல் அதற்கு எதிரிகளை ஆக்கிக்கொள்வது ஒரு காரணம். அசத்தியோபிரின் என்ற பழைய மலிவான மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் நன்மை கூடும். 2014இல் வெளியான சோதனையில், 16ஆம் வாரத்தில் கோர்ட்டிசோன் வகை இன்றித் தணிந்தவர், இரண்டையும் பெற்றோரில் நூற்றுக்கு 39.7, இன்பிளிக்சிமாப் மட்டும் பெற்றோரில் 22.1, மாத்திரை மட்டும் பெற்றோரில் 23.7. விலையுயர்ந்த ஊசியும் மலிவான மாத்திரையும் தனித்தனியே நின்றபோது, பதினாறு வாரத்தில் ஒன்றுக்கொன்று இளைக்கவில்லை என்பதை இங்கே காண்க. 2023இல் இரண்டு உயிரியல் மருந்துகளைச் சேர்த்து 214 பேருக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில், பன்னிரண்டாம் வாரத்தில் தேறியவர் நூற்றுக்கு 83 பேர். தனித்தனியே கொடுத்தபோது 61, 75. தேறுதல் வேறு, தணிதல் வேறு என்பதை மறவாமல் இதனைப் படிக்கவேண்டும்.

நம் நாட்டு நேயர்களுக்கு இரண்டு செய்திகள் தனியே உரியவை. டீ.என்.எப். என்பது வீணே நம் உடலில் வைக்கப்பட்ட பொருளன்று. நுரையீரலில் உறங்கிக்கிடக்கும் சயரோகக் கிருமியைச் சிறைவைத்திருக்கும் காவல்களுள் அதுவும் ஒன்று. அதனைத் தடுத்தால் சிறை திறக்கும். 2001இல் இன்பிளிக்சிமாப் பெற்ற 70 பேருக்குச் சயரோகம் வந்த செய்தி அமெரிக்காவில் வெளியாயிற்று. அதன்பின், மார்புப் படமும் சயரோகச் சோதனையும் செய்யாமல் இம்மருந்தைத் தொடங்குவதில்லை. தென்னாசியாவில் உறங்கும் சயரோகம் உடையோர் மிகப் பலர். ஆகையால், ஐரோப்பியச் சோதனைகளின் எண்களை நாம் படிக்கும்போது, அபாயப் பத்தியை அங்குள்ளதினும் கனமாக்கியே படிக்கவேண்டும்.

மற்றையது விலை. கொழும்பு, கம்பகா மாவட்டங்களின் வைத்தியசாலைகளைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், இந்நோய் இலட்சம் பேருக்கு ஐவர் அளவிலேயே காணப்பட்டது. மேனாடுகளில் இதனினும் பன்மடங்கு. ஆனால், ஆசிய நாடுகள் பலவற்றில் இது பெருகிவருகிறது. உயிருள்ள கலங்களில் வளர்த்து எடுக்கப்படுவதால், இம்மருந்தை மாத்திரைபோல் எளிதிற் படியெடுக்க முடியாது. காப்புரிமை முடிந்தபின் ஒத்த மருந்துகள் தோன்றின. தென்கொரியாவில் ஆக்கப்பட்ட ஒன்று 2013இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அது மூலமருந்துக்கு ஈடாகுமா என்று நோர்வே அரசு தன் செலவிலே சோதித்தது. இன்பிளிக்சிமாப் பெற்று நிலைபெற்றிருந்த 482 பேர், பல்வேறு நோயினர், இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் பழையதையே தொடர்ந்தனர். மறுபிரிவினர் ஒத்த மருந்துக்கு மாறினர். எது தமக்கு ஏற்றப்படுகிறதென்பது நோயாளருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. ஓராண்டின் பின், நோய் மோசமானவர் பழைய மருந்தில் நூற்றுக்கு 26 பேர். புதியதில் 30 பேர். ஆய்வாளர் முன்கூட்டியே வகுத்துக்கொண்ட எல்லைக்குள் அவ்வேறுபாடு அடங்கியிருந்தது. 2017இல் அம்முடிவு வெளியாயிற்று. ஐரோப்பாவில் ஒத்த மருந்துகளின் போட்டியால் இன்பிளிக்சிமாப்பின் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது.